ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கயிறு

சென்ற மாதம் பக்கத்து வீட்டு நிர்மலா தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாராவாரம் செய்யும் செயல்திட்டத்தைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அந்த வாரம் அட்டையில் செய்த எரிமலை. "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். இருந்தது, படம்தான் எடுக்கவில்லை என்றேன். ஒரு செயல்திட்டத்தால் ஒன்பது குடும்பங்களின் நிலத்துக்கு ஆபத்து வந்த கதையைச் சொன்னேன். அவள் கைபேசியை மடியில் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். இதை எழுதிக் கொடுங்கள், எங்கள் பள்ளியில் எல்லோரும் படிக்கட்டும் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் படவேட்டுப் பக்கம். நெல்லும் கரும்பும் விளைவிக்கிற குடும்பம். வேலூரில் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி கரும்பலகையில் நேராக எழுதுவது, மீதி பாதி பாடக்குறிப்பு எழுதுவது. எழுபதுகளின் பின்பாதியில் ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு உத்தரவு வந்தது. செங்கத்திலிருந்து வரும் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். என் அப்பா கூட வந்து, பள்ளியையும் நான் தங்கப்போகும் அறையையும் பார்த்துவிட்டு, "ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கோ, மாத்தல் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அங்கே ஒன்பது வருடம் இருந்தேன்.

தலைமையாசிரியர் பெயர் நடேசன். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. வகுப்புக்குள் வருவதற்கு முன் செருப்பை வெளியே விடுவார். பின்சுவர் ஓரமாக நின்று பாடம் முடியும்வரை கேட்பார். பிள்ளைகள் எதிரில் ஆசிரியரைத் திருத்தமாட்டார்.

பாடக்குறிப்பு நோட்டைத் திங்கட்கிழமை காலை இறைவணக்கத்துக்கு முன் அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். அந்த வாரம் நடத்தப் போகிற ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்பு, நோக்கம், துணைக்கருவி, செயல்முறை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் போட்டு எழுதியிருக்க வேண்டும். மற்ற பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இவர் துணைக்கருவி என்ற கட்டத்தை மட்டும் படிப்பார். நான் முதல் வாரம் எல்லாப் பாடத்துக்கும் 'கரும்பலகை, சுண்ணக்கட்டி' என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு இடத்திலும் சிவப்பு மையில் வட்டம். என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இதுல புள்ளைங்க எதைத் தொடும்?"

எனக்கு விளங்கவில்லை.

"சுண்ணக்கட்டிய நீங்க தொடுவீங்க. புள்ள எதைத் தொடும்?"

அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பு எழுத உட்காரும்போது முதலில் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்புவேன். புளியங்கொட்டை, நத்தை ஓடு, தராசுக்குப் பதிலாக மூங்கில் கழியில் கட்டிய இரண்டு கொட்டாங்கச்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு பாடவேளையை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். அந்த வாரம் படித்ததை வைத்துப் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைச் செய்து, எண்ணி, எழுத வேண்டும். அதற்குத் தனி நோட்டு. வெள்ளிக்கிழமை நோட்டு என்றே பெயர்.

முதல் வருடம் நடந்ததில் ஊருக்குள் பேச்சானது விதை முளைப்புதான். ஆறாம் வகுப்பில் சதவீதம் பாடம். பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சாமை விதையில் நூறு எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஈரச்சாக்கில் பரப்பி, பேர் எழுதிய சீட்டு வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணினோம். எண்ணி முடித்த மறுநாளே ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தோளில் கம்பளி, இடுப்பில் கொடுவாள். காளியப்பன் என்று பெயர் சொன்னார், என் வகுப்பில் படிக்கும் ராமாயியின் அப்பா. மலையில் மரியாதைப் பன்மை குறைவு. நீ என்று பேசுவதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை.

"டீச்சரம்மா, எங்க வெத எத்தினி மொளச்சுது?"

"அறுபத்தொண்ணுங்க."

"அதான் போன வருசம் காடு சொட்ட சொட்டையா கெடந்துது. அடுத்த வூட்டு வெத எத்தினி?"

"எண்பத்தெட்டு."

விதைப்புக்கு முன் அவர் அடுத்த வீட்டில் விதை மாற்றிக்கொண்டார் என்று ராமாயி வந்து சொன்னாள். அந்த வருடத்திலிருந்து பள்ளியில் பிள்ளைகள் எதை எண்ணினாலும் ஊர் காது கொடுத்துக் கேட்டது. எனக்கும் ஒரு மிதப்பு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு. புவியியலில் நிலப்படமும் அளவுத்திட்டமும் என்று ஒரு பாடம். ஒரு சென்டிமீட்டர் என்பது நூறு கிலோமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பிள்ளைகளில் பலர் செங்கம் சந்தையைத் தாண்டிப் போனதில்லை. நூறு கிலோமீட்டரை எப்படி நினைத்துப் பார்ப்பார்கள்? பாடக்குறிப்பில் 'இந்திய நிலப்படம்' என்று எழுதி, வட்டம் விழும் என்று நானே அடித்துவிட்டு, 'இருபது மீட்டர் கயிறு' என்று எழுதினேன். நடேசன் ஐயா படித்துவிட்டு, "நம்ம ஊரையே போடப் போறீங்களா? நல்லது" என்றார்.

கற்றாழை நாரில் கயிறு திரித்தோம். பள்ளியில் ஒரு மீட்டர் கோல் இருந்தது. அதை வைத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டோம். இருபத்திரண்டு பிள்ளைகள், நாலு குழு. ஒரு குழுவில் கயிறு பிடிக்க இரண்டு பேர், எண்ணிக்கை சொல்ல ஒருவர், எழுத ஒருவர், மற்றவர்கள் வழியில் உள்ள முள்ளை விலக்க. ஒரு கயிறு தூரம் தாளில் ஒரு சென்டிமீட்டர். இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒரு பையன் எழுந்து, "அப்போ என் வூட்லேர்ந்து ஓட வரிக்கும் பாஞ்சு சென்டிமீட்டர் டீச்சர்" என்றான். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பெரியது.

ஏழு வெள்ளிக்கிழமை அளந்தோம். வீடுகள், ஓடை, கோயில், புளியமரங்கள், அப்புறம் காடுகள். மலையில் காடு என்றால் புன்செய் நிலம். சாமைக் காடு, கேழ்வரகுக் காடு என்பார்கள். யாருடையது என்று பெயரையும் எழுதச் சொன்னேன். மேலே சரிவில் இருந்த காடுகளை ராமாயியின் குழு அளந்தது. எழுதுவது அவள் பொறுப்பு. பன்னிரண்டு வயது, எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை. வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். ஆனால் 'சுமார்' என்ற வார்த்தை அவள் நோட்டில் வராது. 'பதினொரு கயிறு மூணு முடிச்சு' என்றுதான் எழுதுவாள். சரிவில் கயிறு தரையோடு படிந்தால் தூரம் கூடிவிடும் என்று அவளே கண்டுபிடித்து, மேலே நிற்பவள் தாழ்த்தியும் கீழே நிற்பவள் தூக்கியும் பிடிக்க வைத்தாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலு சார்ட் தாளைத் துணியில் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் சுத்தப் பிரதி போட உட்கார்ந்தேன். ராமாயியின் நோட்டில் வனத்துறை எல்லைக்கல் என்று இரண்டு இடத்தில் குறித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பதினொரு கயிறு மூன்று முடிச்சு. பென்சிலில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கோடு எந்தக் கல்லிலிருந்து போகிறது என்று தெரியவில்லை. படம் குழப்பமாக இருந்தது. மறுநாள் அவளைக் கூப்பிட்டேன்.

"எல்லைக்கல் ஒண்ணுதானே இருக்கும் ராமாயி?"

"ரெண்டு கீது டீச்சர். மேல ஒண்ணு, பாசி புடிச்சி கீது."

"ஒரு எல்லைக்கு எப்படி ரெண்டு கல் வரும்? ஒரே கல்ல ரெண்டு பக்கத்துலேர்ந்து பார்த்து ரெண்டு தரம் எழுதியிருப்பீங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே ஏறிப் பார்க்க அரைமணி நேரம் போதும். நான் போகவில்லை. ஆண்டாய்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. படம் சுவரில் அழகாகத் தொங்க வேண்டும் என்பதில்தான் என் புத்தி இருந்தது. மேல் கல்லை ரப்பரால் அழித்தேன். கீழ்க் கல்லிலிருந்து கோட்டை இழுத்து, கோட்டுக்கு அப்பால் வனத்துறையின் வனம் என்று பச்சை வண்ணம் அடித்து, 'காப்புக் காடு' என்று எழுதினேன். பச்சைக்குள் ஒன்பது சாமைக் காடுகள் அவற்றின் சொந்தக்காரர் பெயரோடு விழுந்தன. அதன் அர்த்தம் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆவணியில் பள்ளியில் மரம் நடு விழா. கன்றுகள் கொண்டுவந்த வனத்துறை ரேஞ்சர் அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்தவர். இளைஞர், நல்ல மரியாதைக்காரர். நடேசன் ஐயா அன்று மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தார். விழா முடிந்து டீ குடிக்க வகுப்புக்குள் வந்த ரேஞ்சர், படத்துக்கு எதிரில் நின்றுவிட்டார்.

"இத யார் போட்டது டீச்சர்?"

"ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க சார். கயிறு வச்சு அளந்து போட்டாங்க."

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. அளவெல்லாம் சரியா இருக்குமா?"

"ஒரு முடிச்சு கூட மாறாது சார்" என்றேன்.

அவர் தன் டைரியை எடுத்து அந்தப் பச்சைப் பகுதியைப் பார்த்து வரைந்துகொண்டார். ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்து வந்து கொடுத்ததோடு, தாள் ஆடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டும் நின்றேன்.

மூன்றாம் வாரம் ஒன்பது குடும்பங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. காப்புக் காட்டுக்குள் பயிர் செய்திருப்பதாகவும், நிலத்தை விட்டு நீங்க வேண்டும் என்றும். ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த நோட்டீஸை வீட்டில் படித்துக் காட்டியவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். இருபத்திரண்டில் ஐந்து. அந்த ஐந்து பேரும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இல்லை. வருகைப் பதிவேட்டில் வராத ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக 'வ.இ.' போட்டுக்கொண்டு வந்தேன். பாதியில் பேனாவை மூடிவைத்தேன். நடேசன் ஐயாவிடம் போய், ரேஞ்சர் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு போனதையும் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். வழக்கம்போலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு, படத்தின் எதிரில் நின்றார்.

"இந்தக் கல்ல யார் பார்த்தது?"

"பிள்ளைங்க பார்த்தாங்க ஐயா."

"நீங்க?"

"இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மதியம் ஊருக்குள்ள போகலாம். நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

காளியப்பன் வீட்டு வாசலில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் முதலில் பேசினேன். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்த வேலை, இப்படி ஆகும் என்று தெரியாது, பிள்ளைகள் மேல் கோபப்பட வேண்டாம் என்று ஏதோ உளறினேன். காளியப்பன் நிதானமாகக் கேட்டார்.

"புள்ள மேல எனுக்கு இன்னா கோவம்? புள்ள நடந்துச்சி, அளந்துச்சி, எழுதுச்சி. அது தப்பில்ல. நீ அத்த செவுத்துல மாட்டுன பாரு, அதான் தப்பு. மாட்டுறதுக்கு மின்ன எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்கவில்லை. நடேசன் ஐயாவும் எனக்காகப் பேசவில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ராமாயி வந்தாள். கையில் வெள்ளிக்கிழமை நோட்டு. என்னிடம் தராமல் தலைமையாசிரியரிடம் நீட்டினாள்.

"நான் ரெண்டு கல்லு போட்டேன் ஐயா. டீச்சரு ஒண்ண அழிச்சிட்டாங்க."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தனை பேர் எதிரில் அப்படித் தலையாட்டியது என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று.

அப்போதே ஏறினோம். நான், ஐயா, காளியப்பன், ராமாயி, கூட இரண்டு பேர். கீழ்க் கல் சுத்தமாக, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து இருந்தது. அதிலிருந்து மேலே புதர் வழியாகப் போனால் ஒரு பாறை இடுக்கில் இன்னொரு கல், பாதி மண்ணில் புதைந்து. காளியப்பன் கொடுவாளின் முதுகால் பாசியைச் சுரண்டினார். கல்லில் வெட்டிய எண் தெரிந்தது. கீழ்க் கல்லில் எண் எதுவும் இல்லை. கூட வந்தவர்களில் வயதானவர் அப்போதுதான் சொன்னார். சில வருடங்களுக்கு முன் வனத்துறை அந்தச் சரிவில் மரக்கன்று நட்டபோது, நட்ட இடத்துக்கு அடையாளமாகக் கீழ்க் கல்லை வைத்தார்களாம். கன்றுகள் காய்ந்துவிட்டன. கல் மட்டும் நின்றுவிட்டது.

"இத்த ஏன் முன்னயே சொல்லல?" என்று ஐயா கேட்டார்.

"யார் கேட்டாங்கோ?" என்றார் அவர்.

பள்ளிக்குத் திரும்பியதும் ஐயா ரேஞ்சருக்குக் கடிதம் எழுதினார். ஒரு பக்கம்தான். படம் மாணவர்களின் பயிற்சி வேலை. சுத்தப் பிரதி எடுக்கும்போது ஆசிரியரால் ஒரு எல்லைக்கல் விடுபட்டுவிட்டது. மாணவியின் மூலக் குறிப்பில் இரண்டு கற்கள் உள்ளன. நேரில் அளந்து பார்த்த பிறகு மேல் நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம். எழுதி முடித்து என்னிடம் தந்தார். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க டீச்சர். கேள்வி கேட்டா பதில் சொல்லணும் இல்ல?"

மறுநாளே நடந்து போய்க் கொடுத்தேன். ரேஞ்சர் படித்துவிட்டு, "ஒரு முடிச்சு கூட மாறாதுன்னு சொன்னீங்களே" என்றார். பிள்ளைகள் எழுதியது மாறவில்லை, மாற்றியது நான் என்றேன். அவர் சர்வேயரை அழைத்துவருவதாகச் சொன்னார். சொன்னபடி பத்து நாளில் வந்தார். இன்னொரு அதிகாரியாக இருந்தால் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு இருந்திருப்பார். அதையும் சொல்ல வேண்டும்.

அன்று ஊரே சரிவில் நின்றது. சர்வேயர் கொண்டுவந்த அளவுச் சங்கிலியும் இருபது மீட்டர். ராமாயியின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டு, அவளைத் தன் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். இரண்டு கல்லுக்கும் நடுவே அளந்ததில் சங்கிலி பதினொன்று, மேற்கொண்டு மூன்று மீட்டர். அவர் ஒரு தரம் நோட்டையும் ஒரு தரம் அவளையும் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு அளவையும் எழுதிய பின் தன் புத்தகத்தை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

மேல் கல்லிலிருந்து பழைய வரைபடப்படி கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு காடாகத் தாண்டத் தாண்ட அந்தக் காட்டுக்காரர் மூச்சு விடுவது கேட்டது. ஒன்று, இரண்டு என்று ஆறு காடுகள் கோட்டுக்குக் கீழே, ஊர்ப் பக்கம் நின்றன. அதன் பிறகு சரிவு வளைகிறது. கோடும் கீழ்நோக்கித் திரும்பியது. கடைசி மூன்று காடுகளில் நடுவில் இருந்தது காளியப்பனுடையது.

சர்வேயர் இன்னும் எதுவும் அறிவிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். ராமாயி அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். தன் நோட்டைப் பார்த்தாள். விரலால் ஏதோ கூட்டினாள். பிறகு கூட்டத்துக்குள் போய் அப்பாவின் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"அப்பா, நம்ம காடு கல்லுக்கு அந்தப் பக்கம் போய்டுச்சி."

"செரியா பாத்தியா?"

"செரிதாம்பா. ரெண்டு கயிறு உள்ள போய்டுச்சி."

காளியப்பன் தோளில் இருந்த கம்பளியை எடுத்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சர்வேயர் அரைமணி நேரம் கழித்து அதையேதான் அறிவித்தார்.

ஆறு குடும்பங்களின் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. மூன்று குடும்பங்கள் நிற்கிற சாமையை அறுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று முடிவானது. அறுக்க விட்டதே ரேஞ்சர் பேசியதால்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்குத் திரும்பினார்கள். ராமாயி கடைசியாக வந்தாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "செரி டீச்சர்" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வாள், பாவம். நான் சரியாகப் படம் போட்டிருந்தாலும் அவர்கள் காடு கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும். அது எனக்கு ஆறுதலாக இல்லை. படமே இல்லாமல் இருந்திருந்தால் யாரும் அளக்க வந்திருக்கமாட்டார்கள்.

படத்தைக் கழற்றி எரித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐயா விடவில்லை. மேசைமேல் விரித்துவைத்து, பேனாவை என் கையில் கொடுத்தார்.

"திருத்துங்க. யார் திருத்தினதுன்னும் ஓரத்துல எழுதுங்க."

மேல் கல்லைக் குறித்தேன். ஓரத்தில், 'இரண்டு கற்களையும் அளந்து எழுதியவர் ராமாயி, ஏழாம் வகுப்பு. ஒன்றை நேரில் பார்க்காமல் அழித்தவர் வகுப்பாசிரியை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஊரைக் கூட்டி, படத்தைக் காட்டி, இதைச் சுவரில் மாட்டலாமா என்று ஐயா கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது, மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஆண்டாய்வுக்கு வந்த துணை ஆய்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர். ஓரத்தில் இருந்த வரியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "இத ஏம்மா எழுதி வச்சிருக்க? உன் மேல நானே நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்றார். தெரியும் ஐயா என்றேன். நடேசன் ஐயா நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆய்வாளர் ராமாயியை எழுப்பி, அளவுத்திட்டம் என்றால் என்ன என்று கேட்டார். அவள் கயிற்றை எடுத்துக் காட்டிப் பதில் சொன்னாள். ஆய்வறிக்கையில் என்னைப் பற்றி ஒரே வரி இருந்தது: 'பாடக்குறிப்பு ஒழுங்காக எழுதுகிறார்.'

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இருபத்தைந்து வருடத்தில், பிள்ளைகள் ஊரில் எண்ணியதையும் அளந்ததையும் ஊரார் பார்க்காமல் சுவருக்கு ஏற்றியதில்லை. பிள்ளை எழுதியது எனக்கு நம்பமுடியாமல் இருந்தால், அழிப்பதற்கு முன் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிள்ளைதான் சரியாக இருந்தது. நிர்மலாவின் தோழிகளுக்கு இதற்கு மேல் உபதேசமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சாமை அறுப்பு முடிந்ததும் காளியப்பன் குடும்பம் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் புறப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். அப்படிப் போகிற குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகும். பழம் பறிக்கச் சின்னக் கைகளுக்கும் வேலை உண்டு. நான் ராமாயியின் பெயரைப் பதிவேட்டில் அடிக்க மனமில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் காலையில் காளியப்பன் பள்ளிக்கு வந்தார். மூட்டை முடிச்சோடு மனைவியும் சின்னவனும் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஐயாவின் அறையைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

"ராமாயி வர்ல டீச்சரம்மா. எங்க அக்கா வூட்ல உட்டுட்டுப் போறேன். எட்டாவது வரிக்கும் படிக்கட்டும்."

உங்களுக்கு என்மேல் வருத்தம் இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தம் கீது. இல்லன்னு எப்டி சொல்வேன்? காடு போய்டுச்சே." அவர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கி அந்தாளு சங்கிலி போட்டான், எழுதுனான், கோடு இழுத்தான். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நடந்த மண்ணு. ஊரே நின்னு பாத்துக்கினு இருந்தோம். இன்னா எழுதுறான்னு எங்க ஒருத்தனுக்கும் தெர்ல. எம்மவளுக்குத் தெரிஞ்சிது. அவன் வாயத் தெறக்கறதுக்கு மின்ன எனுக்கு அவதான் சொன்னா. அது மாதிரி சொல்றதுக்கு வூட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

வணக்கம் சொல்லவில்லை, திரும்பி நடந்தார். மனைவி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர்கள் மூவரும் பஸ் நிற்கும் பாதையில் இறங்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு வகுப்புக்குள் போனேன். இரண்டாவது வரிசையில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. எதிரில் நோட்டைத் திறந்து தேதி எழுதியிருந்தாள். நான் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் பெயர் வந்ததும், "உள்ளேன் டீச்சர்" என்றாள்.